மொட்டை மாடியில் உப்பு, டப்பில் கப்பல்: ஆகஸ்ட் 15-க்குப் பிள்ளைகளோடு செய்ய

ஆகஸ்ட் 13-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வரும்: சுதந்திர தின விழாவுக்குக் குழந்தைகள் மூவர்ணத்தில் ஏதாவது கைவேலை செய்து எடுத்து வரவும். அப்புறம் என்ன, ஸ்டேஷனரி கடைக்காரர் ஷட்டரை இறக்குவதற்குள் ஓடிப்போய் ஆரஞ்சும் பச்சையுமாகச் சார்ட் பேப்பர், தெர்மாகோல், ஜிகினா எல்லாம் வாங்கி வந்து, நாமே வெட்டி நாமே ஒட்டி, பதினொன்றரைக்கு நிமிர்ந்து பார்த்தால், யாருக்காகச் செய்தோமோ அந்தப் பிள்ளை சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். நானும் மூன்று வருஷம் இதைச் செய்தேன். மூன்றாம் வருஷம் மூவர்ணத் தோகையோடு ஒரு தெர்மாகோல் மயில். பரிசுகூடக் கிடைத்தது. திரும்பி வரும்போது வண்டியில் என் மகளிடம், "இன்னிக்கு எதுக்கு விழா கொண்டாடினாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மயிலுக்கு" என்றாள்.

அன்றிலிருந்து எந்தக் கைவேலையை எடுத்தாலும் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். அதிலிருந்து மூன்று நிறத்தையும் எடுத்துவிட்டால் சரித்திரம் ஏதாவது மிஞ்சுகிறதா? மயிலில் மிஞ்சாது. மூவர்ண இட்லியிலும் மிஞ்சாது. கீழே சொல்லியிருக்கும் ஐந்தாறு வேலைகளில் மிஞ்சும். எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகளோடு, ஐந்து வயது முதல் பன்னிரண்டு வரை, ஆகஸ்ட் முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தவை. எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் 13-ஆம் தேதி ராத்திரி தொடங்காதீர்கள். உப்புக்கு வெயில் வேண்டும்.

முதலில் கொடி, ஆனால் அளவெடுத்து

கொடி எல்லோரும் செய்வதுதான். ஆனால் பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் செய்கிறோம். தேசியக் கொடியின் நீளம், உயரம் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், மூன்று பட்டைகளும் ஒரே அகலம். ஏ4 தாளில் இதற்குச் சௌகரியமான அளவு 27 செ.மீ. நீளம், 18 செ.மீ. உயரம். ஒவ்வொரு பட்டையும் சரியாக 6 செ.மீ. வரும், பின்னக் கணக்கே இல்லை. வெள்ளைத் தாளை 27-க்கு 18 வெட்டிக்கொண்டு, மேலே காவி, கீழே பச்சை என்று 6 செ.மீ. அகலப் பட்டைகளை ஒட்டினால் நடுவில் வெள்ளை தானாகவே நிற்கும். சக்கரம் வெள்ளைப் பட்டையை முட்டாமல் அதைவிடச் சற்றே சிறிதாக, ஐந்தரை செ.மீ. விட்டத்தில் இருந்தால் சரியாக இருக்கும். காம்பஸ் இல்லையென்றால் 2-2 அளவு வளையலை வைத்து உள்பக்கமாகக் கோடு போடுங்கள், கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

இனிதான் சுவாரசியம். சக்கரத்தில் 24 ஆரங்கள். பிள்ளைகளிடம் விட்டால் முதலில் நாலைந்து ஆரங்களைத் தாராளமாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை இருக்கிற இடத்தில் நெருக்கித் திணிப்பார்கள், இல்லாவிட்டால் பதினாறோடு நிறுத்திவிடுவார்கள். அதைத் திட்ட வேண்டாம், ஒரு தடவை அப்படியே போடட்டும். அப்புறம் அதே வளையலை மெல்லிய தாளில் வைத்து வட்டம் வெட்டச் சொல்லுங்கள். வட்டத்தைப் பாதியாக மடிக்க வேண்டும், அரைவட்டம் வரும். அந்த அரைவட்டத்தை ஹோட்டலில் கூம்பு தோசை மடிப்பதுபோல மூன்று சமபாகமாக மடிக்க வேண்டும். பிறகு ஒரு பாதி, மறுபடி ஒரு பாதி. அவ்வளவுதான். பிரித்தால் நடுவிலிருந்து 24 கோடுகள். எண்ணிப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாக மடிப்பதில்தான் கை தவறும். முனைகள் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற வரை அழுத்தாமல் நகர்த்திப் பார்த்துவிட்டு, அப்புறம் நகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். மடிப்புத் தாளைக் கொடியின் நடுவில் வைத்து, கோடு முடியும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுத் தாளை எடுத்துவிட்டால், புள்ளிகளை மையத்தோடு சேர்ப்பது எளிது. ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் பாகைமானியைக் கொடுத்துவிடலாம், 15 பாகைக்கு ஒரு கோடு. நிறம் கருநீலம், பால்பாயிண்ட் பேனா நீலம் அல்ல.

மடித்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி வந்துவிடும், ஏன் 24 என்று. சாரநாத்தில் அசோகர் நிறுத்திய சிங்கத் தூணில் இருக்கும் சக்கரத்திலிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சிங்கத்தைக் காட்டுங்கள். அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது 1947 ஜூலை 22-இல். அதற்கும் ஆகஸ்ட் 15-க்கும் இடையில் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணச் சொன்னேன். இருபத்து நாலு! இது தற்செயல்தான், யாரும் கணக்குப் பார்த்துச் செய்ததில்லை, ஆனால் என் மகளுக்கு ஜூலை 22 இனி மறக்காது.

அதே அளவில் இன்னொரு கொடியும் செய்யுங்கள். மூன்று பட்டையும் அப்படியே இருக்க, நடுவில் சக்கரத்துக்குப் பதில் ராட்டை. 1931-இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட கொடி அது. இது எதற்கு என்றால், பள்ளி நாடகங்களில் திருப்பூர் குமரனாக வரும் பையன் கையில் எப்போதும் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்துவிடுகிறார்கள். குமரன் ஊர்வலத்தில் அடிபட்டது 1932 ஜனவரி 10, மறுநாள் இறந்துபோனார், அப்போது அவருக்கு வயது 27. அசோகச் சக்கரம் கொடிக்கு வந்தது அதற்கும் பதினைந்து வருஷம் கழித்து. இதைச் சொன்னதும் எங்கள் மாடி வீட்டு நாலாம் வகுப்புப் பையன், அவன் குமரன் வேஷம் போடுகிறவன், ராட்டைக் கொடியோடுதான் மேடை ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். டீச்சரிடம் விளக்கமும் அவனே சொல்லிக்கொண்டான்.

ஒரு எச்சரிக்கை. கொடியின் வெள்ளைப் பட்டையில் வாழ்த்து எழுதுவது, பிள்ளையின் பெயர் எழுதுவது, கொடியைத் தோரணமாகவோ மேசை விரிப்பாகவோ ஆக்குவது, இதெல்லாம் கொடிச் சட்டப்படி கூடாது. பெயரைப் பின்பக்கம்கூட எழுத வேண்டாம், குச்சியில் ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள்.

ஏறுகிற கொடிமரம்

இது கால்மணி நேர வேலை. ஒரு அடி மூங்கில் குச்சியைத் தேங்காய்ச் சிரட்டையில் களிமண் வைத்து நட்டுக்கொள்ளுங்கள். ஜூஸ் ஸ்ட்ராவில் ஒரு செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் குச்சியின் உச்சியிலும் இன்னொன்றை அடியிலும் குறுக்காக ஒட்ட வேண்டும். தையல் நூலை இரண்டுக்குள்ளும் விட்டு, ஒரு வளையமாக முடிந்து, அந்த நூலில் தீக்குச்சி உயரத்துக்கு ஒரு குட்டிக் கொடியை ஒட்டினால், மறுபக்க நூலை இழுக்க இழுக்கக் கொடி மேலே ஏறும். நூல் தொளதொளவென்று இருந்தால் ஏறாது, கொஞ்சம் விறைப்பாகக் கட்டுங்கள்.

இதை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஆகஸ்ட் 15-இல் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறோம், அவர்கள் கொடி இறங்கி நம் கொடி ஏறிய நாள் அது. ஜனவரி 26-இல் கொடி முதலிலேயே உச்சியில் மடித்துக் கட்டியிருக்கும், கயிற்றை இழுத்தால் விரியும், ஏனென்றால் 1950-இல் குடியரசு ஆனபோது நாடு ஏற்கெனவே சுதந்திர நாடு. முன்னதைப் பிரதமர் செங்கோட்டையில் செய்கிறார், பின்னதைக் குடியரசுத் தலைவர் செய்கிறார். நம் ஊரில் சுதந்திர தினத்தன்று கோட்டையில் முதல்வர் கொடி ஏற்றுவதுகூட 1974-இல் கருணாநிதி கேட்டுப் பெற்ற பிறகு வந்த வழக்கம்தான், அதற்கு முன் ஆளுநர்தான் ஏற்றுவார். பெரியவர்களிலேயே பலருக்கு இது தெரியவில்லை என்பதை எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் பார்த்தேன்.

148 செ.மீ. நூல்

எனக்கு மிகவும் பிடித்தது இது, செலவும் இல்லை. ஒரு நீளமான நூல், கொஞ்சம் துணிக்கிளிப், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள். ஒரு வருஷத்துக்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர்தான் எங்கள் நூலின் தொடக்கம், பூஜ்யம். அங்கிருந்து டேப்பால் அளந்து 7-ஆவது செ.மீ.யில் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்த 1806, 58-இல் 1857, 107-இல் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி, 120-இல் ஜாலியன்வாலா பாக், 131-இல் உப்பு சத்தியாகிரகம், 133-இல் குமரன், 143-இல் வெள்ளையனே வெளியேறு, 148-இல் சுதந்திரம், 151-இல் குடியரசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அதில் பிள்ளைகளே ஒரு படம் வரைய வேண்டும். பிரிண்ட் எடுத்து ஒட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். எங்கள் கட்டபொம்மனுக்குக் கை கொஞ்சம் குட்டை, மீசை கையைவிட நீளம், பரவாயில்லை. வேலு நாச்சியார் வேண்டும் என்று ஒரு பெண் அடம்பிடித்தாள், அவர் சிவகங்கையை மீட்டது 1780, அதனால் நூலை இடது பக்கம் இன்னும் 19 செ.மீ. முடிச்சுப் போட்டு நீட்டினோம்.

புத்தகத்தில் எல்லாம் அடுத்தடுத்த பக்கம், அதனால் கட்டபொம்மனும் காந்தியும் ஒரே காலத்து ஆள்கள் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூலில் 1806-க்கும் 1857-க்கும் நடுவில் வெறும் நூலாக அரை மீட்டர் தொங்கும்போதுதான், "இங்க யாருமே சண்டை போடலையா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அட்டை தேட வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

அதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் உள்ளவர்களையும் மாட்டுங்கள். என் மாமியார் பிறந்தது 1952, நூலில் 153. சுதந்திரத்துக்கு ஐந்து செ.மீ. தள்ளி! என் மகள் தன் விரல்களை வைத்து அந்த இடைவெளியை அளந்துவிட்டு, "ஆச்சி, நீங்க இவ்ளோ பக்கத்துலயா?" என்று ஓடினாள். அவள் பிறந்த 2016 வருவது 217-இல், நூலை ஹாலிலிருந்து சமையலறை வாசல் வரை இழுக்க வேண்டியதாகிவிட்டது. ஆச்சியின் அப்பா பிறந்த வருஷம் கேட்கிறார்கள், அவர் வெள்ளைக்காரனைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்கிறார்கள். அன்று சாயங்காலம் முழுவதும் மாமியார்தான் வகுப்பெடுத்தார், நான் காபி போட்டேன்.

உப்பு

1930-இல் காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே வருஷம் ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது ஒரு வரியாக மட்டும் தெரியும். அந்த வரியைத்தான் இங்கே கையால் செய்கிறோம்.

முதலில் உப்பு. அரை லிட்டர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் பொடித்த கல் உப்பைக் கரைத்தால் ஏறக்குறையக் கடல் நீர் மாதிரி. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஹோட்டல் பார்சல் வருகிற கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாக்கள் இதற்கு அருமை, வெயிலில் சீக்கிரம் சூடாகும், வெள்ளை உப்பு பளிச்சென்று தெரியும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், கறை பிடிக்கும், அம்மாவிடம் திட்டும் விழும். டப்பாவில் அரை செ.மீ. உயரத்துக்கு மட்டும் ஊற்றி, மேலே கொசுவலைத் துணியைக் கட்டி, மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள். நல்ல வெயில் என்றால் இரண்டு நாளில் ஓரத்திலிருந்து வெள்ளைக் கோடு உள்ளே வரும். இரண்டாவது டப்பா ஒன்றை நிழலில் வைத்தால் அது மெதுவாகக் காயும், ஆனால் கட்டிகள் பெரிதாக, சதுரம் சதுரமாக வரும். போன் கேமராவை ஸூம் பண்ணிப் பார்க்கலாம். முதல் தடவை நாங்கள் டப்பாவை விளிம்பு வரை நிரப்பிவிட்டோம், நாலு நாளாகியும் தண்ணீர் அப்படியே இருந்தது, ஐந்தாம் நாள் மழை பெய்து எல்லாம் போயிற்று. உப்பளத்தில் பாத்திகளை ஏன் அவ்வளவு ஆழமில்லாமல் கட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

உப்பு காய்ந்ததும் பிள்ளைகளே சுரண்டி எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போடட்டும், பெருமையாகச் சுற்றிக் காட்டட்டும். அப்போது வீட்டில் உள்ள யாராவது ஒரு பெரியவர் நிதானமாக வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "இதைக் காய்ச்சுறது குத்தம், உப்பு வேணும்னா வரி கட்டிக் கடையில வாங்கு" என்று சொல்ல வேண்டும். என் கணவர் சொன்னார். ஐந்து வயசுக் குழந்தை ஒன்று நிஜமாகவே அழுதுவிட்டது, அதற்கு மட்டும் உடனே திருப்பிக் கொடுங்கள். மற்றவர்கள் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். தண்ணி எங்களோடது, வெயில் சூரியனோடது, அப்புறம் எதுக்கு வரி என்று கேட்டாள் ஒருத்தி. சரி, இதைத்தான் அவர்களும் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடரலாம்.

அடுத்தது வழி. கடையில் கிடைக்கும் தமிழ்நாடு அவுட்லைன் மேப்பைப் பெரிதாக நகலெடுத்து அட்டையில் ஒட்டி, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று குண்டூசி குத்தி நூலால் இணைக்க வேண்டும். மொத்தம் சுமார் 240 கி.மீ., பதினைந்து நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 16 கி.மீ., அதுவும் சித்திரை வெயிலில். உங்கள் வீட்டிலிருந்து 16 கி.மீ. என்றால் எந்த இடம் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கண்ணை விரிப்பார்கள்.

இந்த மேப்பில் என் பிரியமான வேலை மரங்கள்தான். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்துவிட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? யாரும் கையில் கொடுக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியில் இருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். அதைச் செய்வோம். காய்ந்த வேப்பங்குச்சியில் கிளைகளோடு இருப்பதாகப் பார்த்து எடுத்து, களிமண்ணில் ஊன்றி மேப்பின் ஓரத்தில் நட வேண்டும். வாழை இலையைத் தபால்தலை அளவுக்கு வெட்டி, தணலில் காட்டினால் கிழியாமல் மடியும் (அடுப்பு வேலை உங்களுடையது), நாலைந்து அரிசியை உள்ளே வைத்து மடித்து வாழைநாரால் கட்டிக் கிளையில் தொங்கவிடுங்கள். நார் இல்லையென்றால் பூக்கடையில் கேட்டால் தருவார்கள். இந்தச் சின்னப் பொட்டலத்தைக் கட்ட ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. அந்தப் பத்து நிமிஷமும் அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: போலீஸ் மரத்தை அரெஸ்ட் பண்ண முடியுமா?

நேரமிருந்தால் விரல் பொம்மை ஒன்றும் செய்யலாம். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்துபவர், தான் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார் என்று சொல்வார்கள். பழைய சாக்ஸ் விரல் துண்டில் முகம் வரைந்து, ஒரு கன்னத்தில் மட்டும் பஞ்சு நுரை, இன்னொரு கன்னம் மழமழ. சிரித்துச் சிரித்து மேப்பைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜாஜி ஏப்ரல் 30-இல் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பை அள்ளிக் கைதானார் என்பதோடு நூல் முடியும் இடத்தில், பிள்ளைகள் காய்ச்சிய உப்பில் ஒரு சிட்டிகையை ஒட்டிவிட்டால் மேப் தயார். மீதி உப்பைச் சமையலுக்குப் போடாதீர்கள், மொட்டை மாடித் தூசி.

கப்பல், பாய்மரம் இல்லாமல்

வ.உ.சி. கப்பல் என்றால் உடனே காகிதத்தில் பாய்மரக் கப்பல் செய்துவிடுகிறார்கள். அவர் ஓட்டியது நீராவிக் கப்பல். நிலக்கரி, புகைபோக்கி. ஒரு லிட்டர் ஜூஸ் அட்டைப்பெட்டியை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் இரண்டு கப்பல்கள் கிடைத்துவிடும், உள்ளே மினுக்கும் தாள் இருப்பதால் தண்ணீரில் ஊறாது. முனையைக் கூராக மடித்து ஸ்டேப்ளர் அடித்து, அந்த இடத்தில் மட்டும் மெழுகு உருக்கி விடுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் ஒழுகும். புகைபோக்கிக்குப் பழைய ஸ்கெட்ச் பேனா மூடி, அதன் வாயில் பஞ்சு. ஒன்றின் பக்கத்தில் 'காலியா' என்று எழுத வேண்டும், சுதேசிக் கம்பெனிக்கு 1907-இல் வந்த இரண்டு கப்பல்களில் ஒன்று, மற்றது 'லாவோ'. எங்களுடைய இரண்டாவது கப்பலை எதிர்க் கம்பெனிக்குக் கொடுத்தோம். குளியலறை டப்பின் ஒரு கரை தூத்துக்குடி, மறு கரை கொழும்பு.

இப்போது விளையாட்டு. காசுக்குப் புளியங்கொட்டை. சுதேசி முதலாளிக்கு 20, வெள்ளைக்காரக் கம்பெனி முதலாளிக்கு 100. மற்றவர்கள் பயணிகள், ஆளுக்கு 10 கொட்டை. ஒவ்வொரு நடைக்கும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், கப்பலுக்கு 5 கொட்டை நிலக்கரிச் செலவு. இருவரும் கட்டணத்தைச் சத்தமாக அறிவிக்க வேண்டும், பயணிகள் இஷ்டப்பட்ட கப்பலில் ஏறலாம். வேறு எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மூன்றாவது நடையிலேயே பெரிய பை வைத்திருக்கும் பிள்ளை கட்டணத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடும், ஐந்தாவதில் சும்மாவே வா என்று கூப்பிடும். நீங்கள் அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீமில் குத்தி வருகிற குட்டிக் காகிதக் குடைகளை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள், ஏறுகிறவர்களுக்கு இலவசம் என்று. நிஜத்திலும் எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, அப்புறம் இலவசம் என்று சொல்லி, குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். எங்கள் டப்பில் நாலு பயணிகளில் மூன்று பேர் குடைக்குத் தாவிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கடைசிக் கொட்டையையும் சுதேசிக்கே கொடுத்துவிட்டு, குடையையும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது நடையில் சுதேசிப் பை காலி.

"இது அநியாயம், அவன்கிட்ட நூறு இருக்கு" என்று சுதேசி முதலாளி குதித்ததும் பங்குப் பத்திரங்களை எடுத்தோம். 1906-இல் தொடங்கிய கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், அப்படியானால் எத்தனை பங்கு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள், நாற்பதாயிரம் வரும். பழுப்புத் தாளை டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தைப் பூவேலையாக வரைந்து, நடுவில் கப்பல் படம், கீழே கையெழுத்து. இதைப் பெரியவர்களிடம் போய் விற்றுக் கொட்டை திரட்ட வேண்டும். மாமியார் இரண்டு பங்கு வாங்கினார், வாட்ச்மேன் அண்ணன் ஒன்று. கப்பல் மறுபடி ஓடியது.

அதோடு சந்தோஷமாக முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் தாங்குவார்கள். 1908 மார்ச்சில் கைது, இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது, கோவைச் சிறையில் செக்கிழுத்தார், 1912-இல் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. சென்னையில் இருப்பவர்கள் கிண்டி காந்தி மண்டபத்தில் அந்தச் செக்கைப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் போனபோது, கப்பலில் முதலாளியாக இருந்த பையன் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சில்லறை விஷயங்கள்

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மடிப்பும் பொட்டலமும் உப்பும் போதும். நூலும் கப்பல் விளையாட்டும் எட்டு வயதுக்கு மேல் களைகட்டும். ஃபெவிகால் எல்லாவற்றுக்கும் வேண்டாம், கொடிப் பட்டைகளை ஒட்ட மைதாப் பசை நன்றாக நிற்கும், தாள் சுருங்காமல் இருக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். பிளாஸ்டிக் கொடி வாங்காதீர்கள். ஒரு உட்காரலில் ஒரு வேலைதான், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கத்தரிக்கோல் சண்டை வந்துவிடும். கோணல்மாணலாக இருந்தால் அப்படியே பள்ளிக்கு அனுப்புங்கள், ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு எடுத்துத் திருத்தாதீர்கள். எனக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்கிறேன்.

16-ஆம் தேதி காலையில் ஒரு சுற்று சுற்றி, வாசலிலும் பார்க்கிங்கிலும் கிடக்கும் காகிதக் கொடிகளைப் பிள்ளைகளை வைத்தே பொறுக்கிவிடுங்கள். கொடியைத் தரையில் போடக் கூடாது, குப்பையோடும் சேர்க்கக் கூடாது. கிழிந்ததைத் தனியாக, மரியாதையாக எரித்துவிடலாம். நல்லதாக இருப்பதை மடித்து ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கப்பல் இரண்டும் மூழ்கிவிட்டன, மரங்களைப் பூனை சாய்த்துவிட்டது. நூல் மட்டும் இன்னும் ஹாலில் தொங்குகிறது, 217-ஆவது செ.மீ. கிளிப்பில் என் கணவர் கரண்ட் பில்லை மாட்டி வைத்திருக்கிறார்.